வெல்டு நின்றது, பட்டை முறிந்தது: பழைய இரும்பில் உழவுக் கருவி செய்வது பற்றி

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 24 குதிரைத்திறன் கொண்ட சிறிய டிராக்டர் வைத்திருக்கும் விவசாயி ஒருவர், பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கிய லாரி ஸ்பிரிங் பட்டைகளைக் கொக்கிகளாக வெட்டி, ஆங்கிள் சட்டத்தில் 200 ஆம்பியர் இன்வெர்ட்டர் மெஷினால் வெல்டு வைத்து, ஐந்து கொக்கிக் கலப்பை ஒன்றைச் செய்திருக்கிறார். முதல் நாள் உழவிலேயே இரண்டு கொக்கிகள் முறிந்துவிட்டன. வெல்டு பிரியவில்லை, வெல்டுக்குப் பக்கத்திலேயே பட்டை நறுக்கென்று ஒடிந்திருக்கிறது. வெல்டிங் ராடு சரியில்லையா, ஆம்பியர் போதவில்லையா, தன் கைதான் சரியில்லையா என்று கேட்கிறார். மீதமிருக்கும் சேஸிஸ் துண்டு, ஜி.ஐ. குழாய், கட்டடக் கம்பி, பழைய சட்டிக் கலப்பையின் சட்டி ஆகியவற்றைக் கொண்டு வயலில் பார் (மண்மேடு) போடும் கருவியும் சிறிய டிரெய்லரும் செய்யலாமா என்பது அவருடைய இரண்டாவது கேள்வி.

ராடிலும் ஆம்பியரிலும் குறை இருந்திருக்கலாம். ஆனால் நீங்கள் சொல்லும் முறிவுக்கு அவை காரணமல்ல. வெல்டு வைக்கக் கூடாத இரும்பில் வெல்டு வைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். எம்.எஸ். எனப்படும் சாதாரண மென் எஃகில் செய்த ஆங்கிளிலும் சேனலிலும் கார்பன் 0.2 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். ஸ்பிரிங் பட்டையில் அது 0.5 முதல் 0.6 சதவீதம் வரை இருக்கும். கூடவே சிலிக்கானோ குரோமியமோ சேர்த்திருப்பார்கள். வெல்டு ஓடும் இடத்துக்கு ஒட்டிய சில மில்லிமீட்டர் அகலப் பகுதி 800 டிகிரிக்கு மேல் சூடேறுகிறது. அடுத்த கணமே, பக்கத்தில் குளிர்ந்து கிடக்கும் கனமான பட்டை அந்தச் சூட்டை இழுத்துக்கொள்கிறது. உலையில் பழுக்கக் காய்ச்சிய உளியைத் தண்ணீரில் தோய்ப்பதால் என்ன நடக்கிறதோ, தண்ணீர் இல்லாமலேயே அது இங்கே நடந்துவிடுகிறது. அந்தப் பகுதி மார்ட்டன்சைட் என்னும் மிகக் கடினமான, ஆனால் வளையத் தெரியாத நிலைக்குப் போய்விடும். ராடின் பூச்சில் உள்ள ஈரத்திலிருந்து வெளிப்படும் ஹைட்ரஜனும் அதற்குள் புகுந்து, வெல்டு ஆறிப் பல மணி நேரம் கழித்துக்கூடக் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பை உண்டாக்கும். அதனால்தான் மாலையில் சுத்தியலால் தட்டிப் பார்க்கும்போது உறுதியாக நின்ற கொக்கி, மறுநாள் காலையில் முதல் வேரிலேயே ஒடிகிறது.

இதை ஓர் எளிய கணக்கால் அளக்கிறார்கள். கார்பன் சதவீதத்துடன் மாங்கனீஸில் ஆறில் ஒரு பங்கையும், குரோமியம், மாலிப்டினம், வனேடியம் ஆகியவற்றில் ஐந்தில் ஒரு பங்கையும், நிக்கல், செம்பு இவற்றில் பதினைந்தில் ஒரு பங்கையும் கூட்டினால் கார்பன் சமானம் என்ற எண் கிடைக்கும். அது 0.4-க்குள் இருந்தால் தயங்காமல் வெல்டு வைக்கலாம். லாரிப் பட்டைகளுக்கு இந்த எண் பெரும்பாலும் 0.7 முதல் 0.9 வரை வரும். விலை உயர்ந்த ராடோ கைத்திறனோ இந்த எண்ணைக் குறைத்துவிடாது.

இந்தப் பட்டையைச் செய்தவர்கள் அதை லாரியில் எப்படிப் பொருத்தியிருக்கிறார்கள் என்று பாருங்கள். நடுவில் ஒரு சென்டர் போல்ட், அச்சோடு இறுக்கிப் பிடிக்க யூ போல்ட்டுகள், பக்கங்களில் கிளிப்புகள். எந்த இடத்திலும் வெல்டு இருக்காது. பல டன் பாரத்தைச் சுமக்கும் இடத்தில் அவர்கள் தவிர்த்ததை நாமும் தவிர்ப்பதே முறை. பழைய இரும்பில் கருவி செய்கிறவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, எதை வெல்டால் இணைப்பது, எதைப் போல்ட்டால் இணைப்பது என்பதைத்தான். சட்டம் எம்.எஸ்.; அதில் வெல்டு வையுங்கள். மண்ணோடு மோதுகிற கொக்கி, கொழு, சட்டி எல்லாம் கடின எஃகு. அவற்றைப் போல்ட்டால் முடுக்குங்கள். தேய்ந்தால் கழற்றி மாற்றவும் அதுவே வசதி.

ஸ்பிரிங் பட்டையைக் கொக்கியாக வைக்கலாமா என்றால், தாராளமாக வைக்கலாம். அதைச் சூடாக்காமல் வைக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. 70 மி.மீ. அகலமும் 12 மி.மீ. தடிமனும் உள்ள ஒரு பட்டை, சட்டத்திலிருந்து 50 செ.மீ. கீழே இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 24 குதிரைத்திறன் டிராக்டர் இழுக்கக்கூடிய மொத்த விசையை ஐந்தால் வகுத்தால், ஒரு கொக்கியின் நுனிக்கு ஏறக்குறைய 80 முதல் 100 கிலோ விசை வரும். 100 கிலோ என்றே கொண்டால், பட்டையின் மேற்பகுதியில் ஒரு சதுர செ.மீ.க்குச் சுமார் 3000 கிலோ தகைவு ஏறும். எம்.எஸ். பட்டை 2500 கிலோவிலேயே வளைந்து போய்விடும். ஸ்பிரிங் எஃகு 10,000 கிலோவைத் தாண்டியும் வளைந்து மீளும். அந்தக் குணம் அதற்குச் சூட்டுப் பதத்தால் வந்தது. வெல்டு வைத்த இடத்தில் அந்தப் பதம் போய்விடுவதால், எந்தக் குணத்துக்காக அதை வாங்கினீர்களோ அதையே எரித்துவிடுகிறீர்கள்.

பொருத்தும் முறை சிக்கலானதல்ல. சட்டத்தின் அடியில் 12 மி.மீ. தடிமனுள்ள எம்.எஸ். பிளேட் ஒன்றை வெல்டு வைத்து, அதன்மேல் பட்டையைப் படுக்கவைத்து, மேலே இன்னொரு பிளேட்டைப் போட்டு நான்கு போல்ட்டுகளாலோ, லாரியிலிருந்தே கழற்றிய யூ போல்ட்டுகளாலோ இறுக்கிவிடலாம். பட்டையில் ஏற்கெனவே இருக்கும் சென்டர் போல்ட் துளையில் ஒரு போல்ட்டை விட்டால் அது நழுவாது. புதிதாகத் துளை போட வேண்டுமென்றால் சாதாரண டிரில் பிட் மழுங்கிவிடும். கோபால்ட் பிட் வாங்கி, குறைந்த வேகத்தில், எண்ணெய் விட்டுத் துளையிடுங்கள். கேஸ் கட்டரால் துளை போடுவதும் வெல்டு வைப்பதும் ஒன்றுதான்; அந்தத் துளையின் ஓரத்திலிருந்தே வெடிப்பு கிளம்பும். பட்டையின் வளைவை மாற்ற வேண்டுமானால் ஊரில் உலை வைத்திருக்கும் கொல்லரிடம் கொடுத்துவிடுங்கள். பழுக்கக் காய்ச்சி வளைத்து, எண்ணெயில் தோய்த்து, மீண்டும் அளவாகச் சூடாக்கிப் பதம் பார்ப்பது அவருடைய வேலை. அதை கேஸ் பர்னரை வைத்துக்கொண்டு வீட்டு வாசலில் செய்ய முடியாது.

உங்கள் நிலம் கல்லும் வேருமாக இருந்தால், ஸ்பிரிங் பட்டையைவிட எம்.எஸ். கொக்கியும் முறியும் போல்ட்டும் கொண்ட அமைப்பையே நான் சொல்வேன். 25 மி.மீ. தடிமனும் 50 மி.மீ. அகலமும் உள்ள பட்டையை, அகலப் பக்கம் டிராக்டர் போகும் திசையில் இருக்குமாறு நிறுத்துங்கள். அதே பட்டையைத் திருப்பி, அகலம் குறுக்கே வருமாறு வைத்தால் தாங்கும் திறன் சரிபாதியாகிவிடும். சட்டத்தில் வெல்டு வைத்த இரண்டு பிளேட்டுகளுக்கு நடுவே கொக்கியைச் செருகி, கீழே 16 மி.மீ. உள்ள, வலிமை கூடிய 8.8 தர போல்ட் ஒன்றை அச்சாக விடுங்கள். அதற்கு 75 மி.மீ. மேலே, முழு நீளமும் மரை உள்ள 8 மி.மீ. சாதாரண 4.6 தர போல்ட் ஒன்றைப் போடுங்கள். கொழுவின் நுனி அச்சுக்கு 550 மி.மீ. கீழே இருந்தால், நுனியில் ஏறக்குறைய 250 கிலோ விசை வரும்போது இந்தச் சிறிய போல்ட் இரண்டு பக்கமும் அறுந்து, கொக்கி பின்னால் சாய்ந்துவிடும். அந்த நேரத்தில் கொக்கியில் ஏறியிருக்கும் தகைவு, எம்.எஸ். வளையத் தொடங்கும் அளவில் பாதிதான். வழக்கமான உழவுக்கு 100 கிலோ, போல்ட் அறுவதற்கு 250 கிலோ, கொக்கி வளைவதற்கு ஏறக்குறைய 500 கிலோ என்று படிப்படியாக இருப்பதால், சேதம் ஒரு போல்ட்டின் விலையோடு நின்றுவிடும். போல்ட் அடிக்கடி அறுகிறதே என்று அந்த இடத்தில் 8.8 தர போல்ட்டையோ வெல்டிங் ராடுத் துண்டையோ போட்டுவிடுகிறார்கள். எங்கள் பட்டறைக்கு வளைந்து வரும் சட்டங்களில் கணிசமானவை அப்படித்தான் வருகின்றன.

இனி எது எந்த இரும்பு என்று கண்டுபிடிக்கும் வழி. கிரைண்டரை எடுத்துக்கொண்டு சற்று நிழலான இடத்தில், அது எம்.எஸ். தான் என்று உறுதியாகத் தெரிந்த ஒரு ஆங்கிள் துண்டை முதலில் உரசுங்கள். தீப்பொறி நீளமாக, வைக்கோல் நிறத்தில், அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிளை பிரிந்து போகும். அடுத்து ஸ்பிரிங் பட்டையை அதே அழுத்தத்தில் உரசுங்கள். கோடுகள் குட்டையாகி, நுனியில் நெருக்கமாகப் பூப்பூவாக வெடிக்கும். வார்ப்பிரும்பில் பொறி மங்கலான சிவப்பாகத் தொடங்கிச் சக்கரத்துக்கு அருகிலேயே அடங்கிவிடும். தனியாக ஒரு துண்டை உரசிவிட்டு முடிவுக்கு வராமல், தெரிந்த துண்டையும் தெரியாத துண்டையும் அடுத்தடுத்து உரசி ஒப்பிடுவதே நம்பகமானது. பழைய அரம் ஒன்றும் உதவும்: எம்.எஸ்.ஸில் அரம் கடித்துத் தூள் எடுக்கும். பதம் வைத்த எஃகில் வழுக்கிக்கொண்டு போகும்.

உங்கள் குவியலில் உள்ளவற்றைப் பார்ப்போம். லாரி சேஸிஸ் துண்டு நல்ல பொருள். பெரும்பாலும் வெல்டுக்கு ஒத்துவரும், சட்டத்துக்கு அதையே முதலில் எடுங்கள். ஆனால் பழைய ரிவெட் துளைகளைச் சுற்றி வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்து, அந்த இடங்களை வெட்டி எறிந்துவிடுங்கள். கட்டடக் கம்பி கைப்பிடிக்கும் சாமான் மாட்டும் கொக்கிக்கும் சரி, பாரம் தாங்கும் இடத்துக்கு ஆகாது. ஃபெ 500 ரகத்தில் கார்பன் 0.30 சதவீதம் வரை இருக்கலாம். அதன் வலிமையில் பெரும்பங்கு வெளித்தோலைத் தண்ணீரால் விரைவாகக் குளிர்வித்ததால் வந்தது, வெல்டுச் சூட்டில் அது தளர்ந்துவிடும். டிராக்டரின் கீழ்க்கைகளில் மாட்டும் பின்னைக் கம்பியில் செய்து வைத்திருப்பவர்களை இன்றும் பார்க்க முடிகிறது. தண்டவாளத் துண்டு பட்டறைக்கல்லாக நன்றாக உதவும், ஆனால் ரயில்வே சொத்தைக் கணக்கில்லாமல் வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இரும்புக் கடைக்காரர் ரசீது தராவிட்டால் தொடாதீர்கள்.

ஜி.ஐ. குழாயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அதன் மேல் பூசியிருக்கும் துத்தநாகம் 419 டிகிரியில் உருகி, 907 டிகிரியில் ஆவியாகிவிடும். வெல்டின் சூட்டுக்கு இது மிகக் குறைவு. வெண்புகையாக எழும் துத்தநாக ஆக்சைடைச் சுவாசித்தால், சில மணி நேரம் கழித்து வாயில் உலோகச் சுவையும், குளிரும், காய்ச்சலும், உடல் வலியும் வரும். பெரும்பாலும் ஓரிரு நாளில் தணிந்துவிடும் என்பதால் பலர் அதை மழையில் நனைந்த காய்ச்சல் என்று நினைத்துவிடுகிறார்கள். வெல்டு வரும் இடத்தின் இரு பக்கமும் ஐந்து செ.மீ. அளவுக்குப் பூச்சைக் கிரைண்டரால் எடுத்துவிட்டு, காற்று முதுகுப்புறத்திலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ வரும்படி வெட்டவெளியில் உட்கார்ந்து வேலை செய்யுங்கள். பால் குடித்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை பட்டறைகளில் உண்டு. புகையைத் தவிர்ப்பதற்கு அது மாற்றாகாது.

காய்ச்சலோடு போகாத ஆபத்துகளும் குவியலில் இருக்கலாம். மூடிய எதையும் சூடாக்காதீர்கள். ஷாக் அப்சார்பர், ஹைட்ராலிக் ஜாக், இரு முனையும் அடைத்த குழாய், எண்ணெய் டிரம், டீசல் டேங்க் ஆகியவற்றில் உள்ளே சிக்கிய எண்ணெயோ ஆவியோ காற்றோ சூட்டில் விரிந்து வெடிக்கும். டிரம்மைக் கழுவிக் காயவைத்துவிட்டேன் என்பது போதாது; மடிப்புகளுக்குள் தங்கிய மிச்சமே தீப்பிடிக்கப் போதும். டயர் மாட்டிய ரிம்மில், காற்றை இறக்கிவிட்ட நிலையிலும், வெல்டு வைக்கக் கூடாது. சூட்டில் ரப்பரிலிருந்து எழும் வாயு உள்ளே சேர்ந்து எரிந்தால் டயர் வெடித்து ஆளைக் கொல்லும். பிரேக் கிளீனர் என்று விற்கும் திரவங்களில் குளோரின் கலந்த வகைகள் உண்டு; அதனால் துடைத்துவிட்டு ஈரம் காயுமுன் வெல்டிங் மின்வில் மூட்டினால் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும். எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்புத் தண்ணீரால் கழுவி வெயிலில் காயவைப்பதே போதுமானது.

சட்டத்துக்கு வருகிறேன். ஆங்கிளில் செய்திருப்பதாகச் சொல்கிறீர்கள். கொக்கியின் நுனி சட்டத்துக்கு அரை மீட்டருக்கும் கீழே இருப்பதால், மண் அதைப் பின்னுக்குத் தள்ளும்போது சட்டம் வளைவதைவிட முறுக்கிக்கொள்ளவே பார்க்கும். ஆங்கிளுக்கு முறுக்கைத் தாங்கும் குணம் மிகக் குறைவு. 65க்கு 65க்கு 6 மி.மீ. அளவுள்ள இரண்டு ஆங்கிள்களை எதிரெதிராக வைத்துப் பெட்டியாக மூடி வெல்டு வைத்தால், அதே இரண்டு ஆங்கிள்கள் தனித்தனியாக நிற்பதைவிட முறுக்கு விறைப்பு 60 மடங்குக்கு மேல் கூடும். இரும்பின் எடை கூடுவதில்லை, இரண்டு நீள வெல்டு மட்டுமே கூடுதல். அந்த வெல்டை ஒரே மூச்சில் ஓட்டிவிடாதீர்கள். முதலில் 15 செ.மீ.க்கு ஒரு டேக் (சிறு புள்ளி வெல்டு) வைத்து, பிறகு ஐந்து செ.மீ. இங்கே, ஐந்து செ.மீ. எதிர்ப்பக்கம் என்று மாற்றி மாற்றி வைத்தால் சட்டம் வில்லாக வளையாது. ஐந்து கொக்கிகளை முன்வரிசையில் இரண்டு, பின்வரிசையில் மூன்று என்று பிரித்து, சாலுக்குச் சால் 225 மி.மீ. இடைவெளியும், வரிசைக்கு வரிசை 40 செ.மீ.க்குக் குறையாத இடைவெளியும் கொடுங்கள். எல்லாவற்றையும் ஒரே வரிசையில் வைத்தால் கட்டையும் தாளும் சிக்கி, கலப்பை பரம்பாக மாறிவிடும்.

டிராக்டரோடு மாட்டும் மூன்று புள்ளிகளின் அளவு உலகப் பொதுவானது. கேட்டகரி 1 எனப்படும் முதல் வகையில் கீழ்ப்பின்கள் 22 மி.மீ., மேல்பின் 19 மி.மீ., கீழ்ப்பின்களுக்கு இடையே 683 மி.மீ., அவற்றிலிருந்து மேல்பின்னுக்கு உயரம் 460 மி.மீ. சிறிய டிராக்டர்களில் அகலம் குறைந்த வகையும் வருவதால், உங்கள் வண்டியை நீங்களே அளந்து பாருங்கள். உயரத்தைக் குறைத்துச் செய்தால் மேல் இணைப்பில் வரும் விசை அதே விகிதத்தில் கூடும் என்பதால் அந்த 460 மி.மீ.யில் சிக்கனம் வேண்டாம். பின்களைக் கடையில் வாங்குங்கள்; விலை சொற்பம், அவை நட்டு வைத்து மாற்றக்கூடியவை. பின்னையே பிளேட்டில் வெல்டு வைத்துவிட்டால், பட்டையில் நடந்தது அங்கேயும் நடக்கும். அது வண்டி ஓடும்போது நடந்தால் கலப்பை ஒரு பக்கமாகத் தொங்கிச் சக்கரத்தில் மாட்டும்.

ராடுகளில் சட்டத்துக்கு 6013 வகை போதும். கொக்கி பிடிக்கும் பிளேட்டுகளுக்கும் மேல் இணைப்புக்கும் 7018 வைத்தால் நல்லது; ஹோல்டரை பிளஸ் முனையில் மாட்டுங்கள். 2.5 மி.மீ. ராடுக்கு 60 முதல் 90 ஆம்பியர், 3.15 மி.மீ. ராடுக்கு 90 முதல் 130 ஆம்பியர் என்பது தொடக்கம். பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள். 7018-இன் சிறப்பே ஈரமின்மைதான். திறந்து வைத்த ராடை 300 டிகிரிக்கு மேல் ஒரு மணி நேரமாவது சூடாக்கிய பிறகே மீண்டும் பயன்படுத்த வேண்டும். அந்த வசதி இல்லாதவர் சிறிய பாக்கெட்டாக வாங்கி அன்றன்றைக்கே முடித்துவிடுவது உத்தமம். ஐப்பசி, கார்த்திகையில் கொட்டகையில் கிடந்த ராடை எடுத்து வைத்துவிட்டு, வெல்டில் துளை துளையாக வருகிறது என்று மெஷினைக் குறை சொல்லிப் பயனில்லை.

110 ஆம்பியரில் வெல்டு வைக்கும்போது இன்வெர்ட்டர் வீட்டு மின்சாரத்திலிருந்து ஏறக்குறைய 20 ஆம்பியர் இழுக்கும். சாதாரண பிளக்கும் ஐம்பது மீட்டர் நீளமுள்ள மெல்லிய ஒயரும் இதைத் தாங்காது. ஒயர் சூடாகும், வோல்டேஜ் விழும், ராடு ஒட்டிக்கொள்ளும். நான்கு சதுர மி.மீ. செம்பு ஒயரில் தனி இணைப்பு எடுங்கள். பம்பு செட்டுக்காகக் கொடுத்த இலவச இணைப்பில் வெல்டு வைப்பது, 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவின்படி அனுமதியற்ற பயன்பாடு; அதற்கு விதிக்கும் தொகையில் புதுக் கலப்பையே வாங்கிவிடலாம்.

உங்கள் கையைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. எட்டு மி.மீ. பிளேட் துண்டுகள் இரண்டைச் செங்குத்தாக நிறுத்தி, ஒரு பக்கம் மட்டும் வெல்டு வையுங்கள். ஆறிய பிறகு, வெல்டு இருக்கும் பக்கமாக மடங்கும்படி நிற்கும் துண்டைச் சம்மட்டியால் அடித்துச் சாய்த்து, வெல்டைப் பிளந்து பாருங்கள். உடைந்த முகம் முழுதும் ஒரே சாம்பல் நிறத்தில் மணிமணியாக இருந்தால் நன்று. மூலையை ஒட்டிக் கறுப்பாக ஒரு கோடு ஓடினால் அது கசடு. வெல்டு மேலே படர்ந்திருக்கிறதே தவிர அடிவரை இறங்கவில்லை. ஆம்பியரைக் கூட்டி, ராடை மூலைக்கு நெருக்கிப் பிடித்து, இன்னொரு ஜோடியை உடையுங்கள். மேலே பார்வைக்கு அழகாக இருக்கும் வெல்டில் இந்தக் கோடு இருப்பதும், கரடுமுரடான வெல்டில் இல்லாமல் போவதும் உண்டு.

வேறு வழியே இல்லாமல் கடின எஃகில் வெல்டு வைத்தே ஆக வேண்டிய நிலை வரலாம், உதாரணமாகத் தேய்ந்த கொழுவில் நுனி சேர்ப்பது. அப்போது அந்த இடத்தைக் கிரைண்டரால் பளபளப்பாக்கிவிட்டு, கரி அடுப்பிலோ கேஸ் பர்னரிலோ மெல்லச் சூடேற்றுங்கள். பளபளத்த இரும்பு முதலில் வைக்கோல் மஞ்சளாகும், பிறகு ஊதாவாகும், பிறகு நீலமாகும். மஞ்சள் தெரியும்போது 220 டிகிரியைத் தாண்டியிருக்கும், நீலம் ஏறக்குறைய 300. ஊதா வந்ததும், உலர்ந்த 7018 ராடாலோ, விலை கூடினாலும் இதற்கென்றே உகந்த 312 வகை ஸ்டெயின்லெஸ் ராடாலோ சிறு சிறு வெல்டுகளாக வைத்து, சூடு ஆறுமுன் உலர்ந்த சாம்பலில் புதைத்து மறுநாள்தான் எடுக்க வேண்டும். இவ்வளவும் செய்தாலும் அது பாரம் தாங்கும் இடத்துக்கு ஏற்ற இணைப்பல்ல, நுனிக்குப் போதும்.

வெடிப்பைக் கண்டுபிடிக்க மண்ணெண்ணெயும் சுண்ணாம்பும் போதும். வெல்டையும் அதன் ஓரத்தையும் சுத்தம் செய்து மண்ணெண்ணெய் தடவி, கால் மணி நேரம் விட்டு, துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் தூளைத் தூவுங்கள். வெடிப்பு இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து, வெள்ளைத் தூளில் மயிரிழைபோல் ஒரு கறுப்புக் கோடு தோன்றும். மண்ணெண்ணெய் கிடைக்காத ஊரில் டீசலை வைத்துச் செய்யலாம். வெல்டு வைத்த அன்றே பார்க்காமல், மேலே சொன்ன ஹைட்ரஜன் காரணத்தால் இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். பெயின்ட் அடிப்பதையும் ஒரு போகம் தள்ளிப்போடலாம். அதற்குப் பதில் இணைப்புகளின் மேல் சுண்ணாம்பு அடித்துவிட்டு, பாதி ஆழத்தில் ஒரு மணி நேரம் உழுதால், எந்த இடத்தில் இரும்பு அளவுக்கு மீறி நெளிகிறதோ அங்கே சுண்ணாம்பு செதிலாக உதிர்ந்திருக்கும்.

பார் போடும் கருவிக்கு உங்களிடமுள்ள சட்டியில் வெல்டு வைக்காதீர்கள். அதுவும் கடின எஃகுதான். சட்டிக் கலப்பையின் சட்டியில் போல்ட் துளைகள் உண்டு. பழைய காரின் முன் ஹப்பை பேரிங்கோடு வாங்கி, இடையில் ஒரு எம்.எஸ். பிளேட்டை வைத்து இரண்டையும் போல்ட்டால் இணைத்தால் சட்டி தானாகச் சுழலும். இதற்கு ஒரே அளவில் இரண்டு சட்டிகள் வேண்டும், எதிரெதிர்க் கோணத்தில் நின்றால்தான் மண் நடுவில் குவிந்து பாராகும். இரண்டாவது சட்டி கிடைக்காவிட்டால் 250 அல்லது 300 மி.மீ. விட்டமுள்ள எம்.எஸ். குழாயை நெடுக்காகப் பிளந்து இறக்கைகள் செய்யலாம்; ஐந்து மி.மீ. தடிமன் போதும், வளைவு இயல்பாகவே அமைந்துவிடும். சமையல் கேஸ் சிலிண்டரை வெட்டி இதைச் செய்வதாகக் கேள்விப்பட்டிருக்கிறேன். அந்தச் சிலிண்டர் எண்ணெய் நிறுவனத்தின் சொத்து என்பது ஒருபுறம், வெட்டும்போது என்ன ஆகும் என்பது இன்னொருபுறம்.

டிரெய்லர் விஷயத்தில் என் பதில் வேண்டாம் என்பதுதான். கலப்பை முறிந்தால் வயலில் முறியும், வண்டியை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம். டிரெய்லரின் இழுகம்பி முறிந்தால் இரண்டு டன் நெல் மூட்டையோ, கூலிக்கு ஏறி உட்கார்ந்த ஆட்களோ சாலையில் தனியாக ஓடுவார்கள். சாலைக்கு வரும் டிரெய்லர் மோட்டார் வாகனச் சட்டப்படி பதிவாக வேண்டும். கையால் செய்ததற்குப் பதிவு வாங்குவது எளிதல்ல, பதிவில்லாமல் விபத்து நடந்தால் காப்பீடும் கைகொடுக்காது. வரப்போரம் எருவும் வைக்கோலும் அள்ளிச் செல்ல மட்டும் என்றால், டிராக்டரின் மூன்று புள்ளிகளிலேயே மாட்டித் தூக்கும் ஒரு தட்டைச் செய்துகொள்ளுங்கள். சக்கரமும் அச்சும் இழுகம்பியும் இல்லை; மேலே சொன்ன பெட்டிச் சட்டமும் அதே பின்களுமே போதும். 200 கிலோவுக்கு மேல் ஏற்றாதீர்கள், தட்டை டிராக்டருக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாக வையுங்கள். பின்னால் நீண்டால் முன்சக்கரம் தூக்கும்.